ஆண்டும் அனுபவித்தும்

1

நம் கிரயப் பத்திரங்களில் காலங்காலமாக வந்துகொண்டிருக்கும் ஒரு வாசகம் உண்டு. சொத்தை வாங்குகிறவர் அதைச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது'. ஆள்வது, அனுபவிப்பது என்று இரண்டு வினைகள். பத்திரம் எழுதுகிறவர் ஒரே மூச்சில் எழுதிவிடுவதால் இரண்டும் ஒன்றேபோலத் தோன்றுகின்றன. வாஸ்தவத்தில் இவை பிரிந்து கிடந்ததுதான் நம் நிலங்களின் சரித்திரம். பட்டா ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவர் கையில். ஆனாலும் நிலம் யார் பெயரில் இருந்தாலும், யார் உழுதாலும், நெல் விளையும்; நெல்லுக்குச் சொந்தக்காரன் யாரென்று தெரியாது. எனவே நிலத்தை வைத்துக்கொண்டு உடைமை பற்றி யோசிக்கும்போது கேள்வி சீக்கிரமே கூலி, குத்தகை, நியாயம் என்று திரும்பிவிடுகிறது. திரும்ப வேண்டியதும்தான்.

இசைக்கருவியின் விஷயம் வேறு. வாசிக்கப்படாத வயலின் மரம். வாசிக்கப்படும்போது அது யாருடையது என்ற கேள்வி, நிலத்தில் எழாத ஒரு கூர்மையோடு எழுகிறது. ஏனெனில் இங்கே அனுபவிப்பது என்பதே உழைப்பாகவும் விளைச்சலாகவும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வயலினின் கதை பல மாதங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதன் சரித்திரத்தில் பத்திரத்தின் இரண்டு வினைகளும் ஐம்பது ஆண்டுகளுக்கு முற்றாகப் பிரிந்து போயின. ஒருவர் ஆண்டார், அனுபவிக்கவில்லை. ஒருவன் அனுபவித்தான், ஆளவில்லை.

2

1713-ல் இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் அது. இன்று அதன் பெயர் 'கிப்ஸன் – ஹுபர்மன்'. பழைய வயலின்களை முன்னாள் சொந்தக்காரர்களின் பெயரால் அழைப்பது அந்த உலகத்தின் வழக்கம். ஜார்ஜ் ஆல்ஃப்ரட் கிப்ஸன் ஆங்கிலேய வயலின் கலைஞர். ப்ரோனிஸ்லாவ் ஹுபர்மன் 1882-ல் போலந்தில் பிறந்த யூதர். 1896-ல், பதிமூன்று வயதில், பிராம்ஸின் வயலின் கான்சர்ட்டோவை வியன்னாவில் பிராம்ஸின் முன்னிலையிலேயே வாசித்தவர்.

ஹுபர்மனிடமிருந்து இந்த வயலின் இரண்டு முறை களவு போயிற்று. 1919-ல் வியன்னாவில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து. அது சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது முறை 1936 பிப்ரவரி 28 அன்று, நியூயார்க் கார்னகி ஹாலில். அன்று அவரிடம் இரண்டு வயலின்கள் இருந்தன. குவார்னெரி செய்த இன்னொன்றை மேடைக்கு எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராடிவாரியை உடைமாற்றும் அறையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அது இல்லை.

எடுத்தவன் ஜூலியன் ஆல்ட்மன். இருபது வயது. கார்னகி ஹாலுக்கு அருகில் 'ரஷ்யன் பேர்' என்ற உணவு விடுதியில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவன். தானே உள்ளே புகுந்து எடுத்தான் என்று ஒரு கதை. வேறொருவன் எடுத்ததை நூறு டாலருக்கு வாங்கினான் என்று இன்னொரு கதை. எப்படியானாலும் தன் கையில் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வயலினின் மேல் பூட்ஸ் பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கினான். பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை வாசித்தான். விடுதிகளில் வாசித்தான்; வாஷிங்டனில் தேசிய சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தும் வாசித்தான்.

லண்டனின் லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஹுபர்மனுக்கு 30,000 டாலர் கொடுத்தார்கள். கொடுத்த நாளிலிருந்து சட்டப்படி வயலின் அவர்களுடையது. ஹுபர்மன் 1947-ல் ஸ்விட்ஸர்லாந்தில் இறந்தார். தன் ஸ்ட்ராடிவாரியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

1985-ல், வேறொரு கடுமையான குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஆல்ட்மன், சாவுக்குச் சற்று முன் தன் மனைவியிடம் வயலின் பெட்டியைப் பார்க்கச் சொன்னான். பெட்டிக்கும் அதன் உறைக்கும் நடுவில் 1936-ன் பத்திரிகைத் துணுக்குகள் இருந்தன. எல்லாம் அந்தக் களவைப் பற்றிய செய்திகள். 1987-ல் அந்தப் பெண் வயலினை லாயிட்ஸிடம் திருப்பிக் கொடுத்து, சுமார் 2,63,000 டாலர் வெகுமதி பெற்றாள். அந்தப் பணத்தின் மேல் பின்னால் குடும்பத்துக்குள்ளேயே வழக்கு நடந்தது. பாலிஷையும் அழுக்கையும் எடுத்துச் சுத்தம் செய்ய லண்டனில் ஒன்பது மாதம் பிடித்தது.

1988-ல் அமெடியஸ் நால்வர் குழுவின் முதல் வயலின்காரர் நார்பர்ட் பிரைனின் அதைப் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு வாங்கினார். அவர் வியன்னாவில் பிறந்து, 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் வந்த பிறகு இங்கிலாந்துக்கு ஓடிவந்த யூதர். 2001-ல் அது ஜோஷுவா பெல் கைக்கு வந்தது. விலை நாற்பது லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜெர்மானியத் தொழிலதிபரின் சேகரிப்புக்கு அது போகவிருக்கிறது என்று கேள்விப்பட்ட பெல், தன்னிடமிருந்த வேறொரு ஸ்ட்ராடிவாரியை விற்று இதை வாங்கினார்.

3

இந்தக் கதையைக் கேட்டவுடன் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முடிவு கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வயலின் வாசிப்பவனுக்கே. அதைக் கண்ணால் கண்டிராத ஒரு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் ஐம்பது வருஷம் 'சொந்தக்காரராக' இருந்தது அபத்தம். கருவியைத் தோளில் வைத்து அதன் அதிர்வைத் தாடை எலும்பில் உணர்ந்தவன்தான் அதை உடையவன். ஹுபர்மனைவிட அதிக காலம் வைத்திருந்தவனும் ஆல்ட்மன்தான். அப்படியிருந்தும் வயலினின் பெயரில் அவன் இல்லை.

இந்த முடிவு நமக்கு இனிக்கக் காரணம் இருக்கிறது. பதவி, பணம், பட்டா எதுவும் இல்லாத எழுத்தாளர்களுக்கு மொழியை அனுபவிப்பவனே மொழியை உடையவன் என்ற நினைப்பு பெரிய ஆறுதல். பல்கலைக்கழகங்களும் பெரிய பத்திரிகைகளும் மொழியை ஆளட்டும், அனுபவிப்பது நாம். இந்த ஆறுதலில் ஓர் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தானது.

சட்டத்தை மட்டும் காட்டி இதை மறுத்துவிட முடியாது. சட்டத்தின் கை எவ்வளவு சுத்தம் என்பதற்கு ஹுபர்மனின் காலமே சாட்சி. 1933-ல் ஜெர்மனியில் யூத இசைக் கலைஞர்கள் ஒரு சட்டத்தின் பலத்தில்தான் ஆர்க்கெஸ்ட்ராக்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த வருஷம் ஃபுர்ட்வாங்ளர் தன்னுடன் வாசிக்க அழைத்தபோது ஹுபர்மன் மறுத்தார். 1940-லிருந்து, ஜெர்மனி பிடித்த தேசங்களில், யூதர்களின் பியானோக்களையும் வயலின்களையும் இசைச் சுவடிகளையும் கவர்வதற்கென்றே ரோஸன்பர்க்கின் அமைப்பில் ஒரு தனிப்பிரிவு இயங்கியது. பட்டியல் போட்டு, காகிதத்தோடு நடந்த கொள்ளை அது. பூட்ஸ் பாலிஷ் தேவைப்படாத திருட்டு. பத்திரம் இருப்பதால் ஒருவன் உடையவன் ஆகிவிடுகிறான் என்று சொல்பவர் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். வயலின் களவு போன அதே 1936-ல், வேலையும் நாடும் பறிபோன இசைக் கலைஞர்களைத் திரட்டி ஹுபர்மன் பாலஸ்தீனத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தார். டிசம்பர் 26 அன்று டெல் அவீவில் அதன் முதல் கச்சேரியை டோஸ்கனினி நடத்தினார்.

ஆகவே பத்திரம் போதாது. அனுபவம் போதுமா என்பதுதான் கேள்வி.

4

ஆல்ட்மன் என்ன அனுபவித்தான் என்று பார்க்கலாம். பாலிஷ் போட்டது வெறும் மறைப்பு அல்ல. வார்னிஷ் வயலினின் உடலில் ஒரு பகுதி. அதன்மேல் ஐம்பது வருஷ அழுக்கு. கருவியை ஒளித்து வைக்கும் செய்கையும் அதைக் கெடுக்கும் செய்கையும் ஒன்றாகிவிட்டன.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வயலினின் பலகைகளை ஒட்டுவது வஜ்ரப் பசை, தோலைக் காய்ச்சி எடுப்பது. அந்தப் பசையின் குணம், தேவைப்படும்போது விட்டுக்கொடுப்பது. என்றாவது பலகை வெடிக்கும், யாராவது திறக்க வேண்டிவரும் என்ற எண்ணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. பிறகு வந்தவர்கள் திறந்தும் இருக்கிறார்கள். ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்து மாற்றப்பட்டிருக்கிறது, உள்ளே கட்டை மாற்றப்பட்டிருக்கிறது, நரம்புத் தந்திகள் போய் உலோகம் வந்திருக்கிறது. முந்நூறு வருஷம் ஒரு வயலின் பிழைத்திருப்பது ஒருவன் கையால் அல்ல. செய்தவன், வாசித்தவன், பழுது பார்த்தவன், விற்றவன், வாங்கியவன் என்று கைகளின் ஒரு வரிசை அதைத் தாங்கியிருக்கிறது. இந்த வரிசையில் சேர ஒவ்வொருவனும் ஒரு காரியம் செய்தாக வேண்டும். கருவியை இன்னொருவனிடம் காட்ட வேண்டும். 'இது இன்னது, இன்னாரிடமிருந்து வந்தது, இங்கே வெடித்திருக்கிறது' என்று சொல்ல வேண்டும்.

ஆல்ட்மனால் செய்ய முடியாமல் போனது இதைத்தான். அந்த வயலினை அடையாளம் கண்டுகொள்ளக் கூடிய கைதேர்ந்தவன் ஒருவனிடம் அதைக் கொண்டுபோனால் அவன் அகப்பட்டுவிடுவான். கருவியைக் காப்பாற்றத் தெரிந்தவன் யாரோ, அவனிடமிருந்துதான் கருவியை ஒளித்துவைக்க வேண்டும். இதுதான் அவன் உடைமையின் லட்சணம்.

பத்திரத்தில் இல்லாத மூன்றாவது வினை இது என்று நினைக்கிறேன். ஆள்வது, அனுபவிப்பது, பதில் சொல்வது. 'இது எங்கிருந்து உன்னிடம் வந்தது' என்று கேட்கப்படும் இடத்தில் நிற்பது. லாயிட்ஸ் ஆண்டது, கேட்கப்பட்டால் சொல்ல அதனிடம் காகிதம் இருந்தது, கருவி இல்லை. ஆல்ட்மனிடம் கருவி இருந்தது; கேள்வி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவன் வாழ்க்கையாயிற்று. சிறையில் அவன் மனைவியிடம் சொன்னதைக் குற்ற ஒப்புதல் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்தத் துணுக்குகள்தான் முக்கியம். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய காகிதத்தை ஒருவன் எரித்துவிடாமல் அதே பெட்டிக்குள் ஐம்பது வருஷம் வைத்திருந்தான். அந்தச் செய்திகளில்தான் வயலினின் உண்மையான பெயர் இருந்தது. அவனிடம் இருந்த ஒரே பத்திரம் அது. யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்பதும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதும் ஒரே மனிதனிடம் சேர்ந்து இருக்க முடியும்.

5

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பெயர் என்ன பெரிய பெயர்? ஓசைதானே விஷயம்?

ஸ்ட்ராடிவாரி தன் வயலின்களுக்குள் ஒட்டிய லத்தீன் சீட்டில் 'ஃபாசியேபாத்' என்ற சொல் வரும். செய்தான் என்றல்ல, செய்துகொண்டிருந்தான் என்று பொருள். பழங்காலத்துப் பெரிய கலைஞர்கள் தங்கள் படைப்புகளில் இப்படி முடிவுறாத வினையைப் பொறித்தார்கள் என்று ப்ளினி எழுதியிருக்கிறார். அழகான சொல்தான். ஆனால் அதே சீட்டை அச்சடித்து ஒட்டிய மலிவான தொழிற்சாலை வயலின்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆல்ட்மனின் வயலினுக்குள் ஒருவர் எட்டிப் பார்த்து அந்தப் பெயரைப் படித்திருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பெயர் தானாக எதையும் நிரூபிப்பதில்லை.

ஓசையும் நிரூபிப்பதில்லை. 2010-ல் இண்டியானாபோலிஸில் 21 வயலின் கலைஞர்களின் பார்வையை மறைத்து, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் வாசிக்கச் சொன்னார்கள். பழையதையும் புதியதையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. எல்லாவற்றிலும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி.

அப்படியானால் 1936-ல் களவு போனது என்ன? மரமா, விலையா, ஓசையா? மரத்தைப் போன்ற மரம் கிடைக்கும். விலை பின்னால் ஏறியது. ஓசைக்கு நிகரான ஓசை புதிய வயலினில் கிடைக்கும் என்று வாசிப்பவர்களே சொல்கிறார்கள். களவு போனது அந்த வரிசை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கிரெமோனாவின் ஒரு பட்டறையிலிருந்து இன்றைய ஒரு தோள்வரை, ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக் கொடுத்து வந்த தொடர்ச்சி. ஆல்ட்மன் வயலினை வைத்துக்கொண்டு அந்த வரிசையை அறுத்தான். கிப்ஸன், ஹுபர்மன் பெயர்கள் நிற்க, அவன் பெயர் இல்லாமல் போனது காலக் கணக்கால் அல்ல. அவன் காலத்தில் வயலினுக்கே பெயர் இல்லை.

ஒரு உடைமை வரலாறு பணக்காரர்களின் ஜாபிதாவாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நாற்பது லட்சம் டாலர் என்பது வாசிக்கிற மனிதனின் விலை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் 1716-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி ஒன்று, 'மெஸையா', அநேகமாக வாசிக்கப்படாமலே கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆள்வதன் சிகரம் அது. ஜெனோவா நகரத்துக்குப் பாகானினி விட்டுப்போன குவார்னெரி அவ்வப்போது வெளியே எடுக்கப்பட்டு, அவர் பெயரிலுள்ள போட்டியில் வென்றவர் கையில் கொடுக்கப்படுகிறது. ஒரு நகரம் உடையவனாக இருந்து பிறருக்கு அனுபவிக்கக் கொடுக்கிறது. மூன்று வினைகளும் ஓரளவுக்குச் சேர்கிற இடம் இதுவாக இருக்கலாம்.

6

வாஷிங்டனுக்குத் திரும்ப வேண்டும். ஆல்ட்மன் பாலிஷ் பூசிய வயலினை வாசித்த அதே நகரத்தில், 2007 ஜனவரி 12 காலை, அதே வயலின் இன்னொரு வேஷத்தில் வாசிக்கப்பட்டது. ஒரு பத்திரிகையின் பரிசோதனைக்காக ஜோஷுவா பெல் மெட்ரோ ரயில் நிலையத்தின் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நின்று, பாக்கின் சாக்கோனில் தொடங்கி 43 நிமிஷம் வாசித்தார். கடந்து போனவர்கள் 1,097 பேர். ஒரு நிமிஷமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர். அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெண் போட்ட இருபது டாலரைச் சேர்க்காமல் பெட்டியில் விழுந்தது 32 டாலர் 17 சென்ட்.

இதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு ரசனை இல்லை. முந்நூறு பிரதி அச்சடித்து அதிலும் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிற நமக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஆனால் அந்த 1,097 பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் இதைக் கேட்க வருவதாக யாரிடமும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. குழந்தைகள் மட்டும், கடந்து போன ஒவ்வொரு குழந்தையும், நிற்கப் பார்த்ததாகவும் பெற்றோர் இழுத்துக்கொண்டு போனதாகவும் அந்தக் கட்டுரை சொல்கிறது. கூட்டம் நிற்காததால் நம் எழுத்து பாக் ஆகிவிடாது.

இரண்டு வேஷங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். பெல்லை அன்று யாராவது நிறுத்தி 'இது என்ன வயலின்' என்று கேட்டிருந்தால் அவரால் சொல்ல முடிந்திருக்கும். யாரும் கேட்காமல் போனது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். ஆல்ட்மனுக்கு அதே மௌனம் தினமும் தப்பித்த நிம்மதி. கேட்கிறவர்களின் அறியாமை ஒருவனுக்கு நஷ்டம், இன்னொருவனுக்குப் பிழைப்பு.

7

ஆல்ட்மனின் உள்ளத்தைப் பற்றி நான் இவ்வளவு தைரியமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நானும் பாலிஷ் போட்டவன் ஆவேன்.

எழுத ஆரம்பித்த நாட்களில் ஒரு ஐரோப்பியக் கவிஞரின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கவிதையின் கட்டுமானத்தை, அது திரும்புகிற இடத்தை, கடைசியில் அது நிறுத்திவிடுகிற விதத்தை அப்படியே எடுத்து, மரங்களையும் ஊரையும் மாற்றி எழுதினேன். பூவரசும் வாய்க்காலும் போட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? யாரும் கண்டுபிடிக்கவில்லை. நண்பர்கள் பாராட்டினார்கள். நான் மதித்த ஒருவர் அந்தக் கடைசி வரிகளைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார். அந்தப் பாராட்டு என்னிடம் வந்து சேரவேயில்லை. கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கவிதையை நான் அனுபவிக்கவில்லையா? அனுபவித்தேன். அதைக் கற்றுக்கொண்டதைப் போல வேறு எதையும் நான் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. எங்கே வெடித்திருக்கிறது, எங்கே சரியாக வரவில்லை என்று கேட்க வேண்டியவர் யாரோ, அவரிடமிருந்துதான் அதை ஒளித்தாக வேண்டும். பிறகு எழுதிய கவிதைகளிலும் அந்த ஒளிப்பு கொஞ்சம் இருந்தது.

எடுத்தது தவறில்லை என்று இன்று நினைக்கிறேன். எடுக்காமல் எழுதியவன் யார்? வரிசையில் நிற்பது என்றாலே ஒருவரிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான். தவறு, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது. தழுவலை ஒளித்துக்கொண்டு சுயசிருஷ்டி என்று நிற்கும் கதைகளையும் கவிதைகளையும் பற்றி நாம் கோபமாக எழுதியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் களவு போன சொத்தைப் பற்றித்தான் பேசினோம். எடுத்தவனுக்கு என்ன ஆகிறது என்று யோசிக்கவில்லை. அவன் தண்டனை அகப்படுவது அல்ல. அகப்படாமலே இருப்பது.

அந்தக் கவிதை இன்னும் என் முதல் தொகுப்பில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் மூலக் கவிஞரின் பெயரைக் கீழே சேர்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பு வரவில்லை. குறிப்பு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே, அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது.